பகல் வெளிச்சத்தில் தொலைக்காட்சி: ஒளிர்வு, படத்தரம், விலை

தொலைக்காட்சிப் பெட்டிகளை ஒப்பிட்டு வாங்க முயலும் குடும்பத்துக்கு இன்று எண்களுக்குக் குறைவில்லை. திரையின் அளவு, படப்புள்ளிகளின் தொகை, நிறங்களின் எண்ணிக்கை, ஒளிர்வின் உச்சம் என அட்டையிலும் விளம்பரத்திலும் அச்சிடப்படும் ஒவ்வோர் எண்ணும் தன்னளவில் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒளிர்வும் கருமையின் ஆழமும் பெரும்பாலும் ஆய்வுகூடத்தின் இருட்டறையில் அளக்கப்படுபவை. பெட்டி மாட்டப்படுவதோ யன்னலும் வாசலும் வெள்ளைத் தரையும் கொண்ட ஒரு வீட்டின் கூடத்தில். ஆகவே ஒரு பெட்டியின் படம் எப்படித் தெரியும் என்பதில் பாதியைத் தொழிற்சாலை தீர்மானிக்க, மீதிப் பாதியை அந்தக் கூடத்தின் வெளிச்சமே தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற வெயில் மிகுந்த நிலத்தில் இந்த இரண்டாம் பாதியைக் கணக்கில் எடுக்காமல் செலவிடப்படும் பணத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயலும் கருத்தாகும்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியாக வடக்கே செல்பவர் கோண்டாவிலைக் கடந்து அடையும் உரும்பிராய், செம்மண் தோட்டங்களுக்குப் பேர்பெற்ற ஊர். வட அகலக்கோடு 10 பாகைக்குச் சற்றுக் கீழே அமைந்திருப்பதால் ஆண்டில் இரு முறை, ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும், நண்பகல் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. முன்னதைச் சித்திரைப் புத்தாண்டும் பின்னதை நல்லூர்த் திருவிழாக் காலமும் ஒட்டி வருவது கவனிக்கத் தக்கது. சிறப்பு நிகழ்ச்சிகளையும் திருவிழா நேரடி ஒளிபரப்பையும் வீட்டார் எல்லோரும் பகலில் கூடியிருந்து பார்க்கும் நாட்களும் அவையே. பழைய நாற்சார் வீடுகளில் தாழ்ந்த இறவாணமும் அகன்ற விறாந்தையும் வெளிச்சத்தை வாசலிலேயே தணித்துவிட, உள்ளறைகள் பகலிலும் அரையிருளில் இருந்தன. அண்மைக் காலத்தில் எழுந்த வீடுகளிலோ பெரிய கண்ணாடி யன்னல்கள், வெள்ளைப் பூச்சு, பளபளக்கும் தரையோடுகள் என யாவும் வெளிச்சத்தை உள்ளே அழைத்து, அதைச் சுவருக்குச் சுவர் தெறிக்கச் செய்கின்றன. வீட்டுக்கு நன்மையான இந்த மாற்றம் தொலைக்காட்சித் திரைக்குப் பெருஞ்சோதனையாக அமைகிறது.

இதைக் கணக்கிட இரண்டு அளவுகள் வேண்டும். ஒரு பரப்பிலிருந்து கண்ணை நோக்கி வரும் ஒளியின் செறிவு, சதுர மீற்றருக்கு இத்தனை கன்டெலா என அளக்கப்படுகிறது. அதன் சுருக்கப் பெயரே விளம்பரங்களில் காணப்படும் நிட். ஒரு பரப்பின் மீது வெளியிலிருந்து விழும் ஒளியின் அளவு லக்ஸ் எனப்படும். திறந்த வெளியில் நேர் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வரை செல்ல, யன்னல் திறந்த கூடத்தின் சுவரில் பகலில் சில நூறு லக்ஸ் விழுகிறது. இரவில் ஒற்றை எல்.ஈ.டி. மின்குமிழ் எரியும் அறையில் அது ஐம்பதை ஒட்டி நிற்கும். எந்தத் திரையும் தன்மீது விழும் ஒளியை முழுதாக விழுங்கிவிடுவதில்லை என்பதால், விழுந்த ஒளியில் ஒரு சிறு பங்கு தெறித்துப் பார்ப்பவரின் கண்ணுக்கே திரும்புகிறது. படத்தில் கரியதாக இருக்கவேண்டிய இடங்கள் சாம்பல் பூத்துத் தெரிவது இதனால்தான்.

உதாரணமாக, விழும் ஒளியில் 2 வீதத்தைச் சிதறித் தெறிக்கும் ஒரு திரையைக் கொள்வோம். 500 லக்ஸ் வெளிச்சமுள்ள கூடத்தில் அத்திரையிலிருந்து தெறித்து வரும் ஒளி, 500இன் 2 வீதமாகிய 10ஐ 3.14ஆல் வகுக்கக் கிடைக்கும் 3.2 நிட் ஆகும். திரையின் சொந்தக் கருமை எவ்வளவு ஆழமானதாயினும், பகலில் அக்கூடத்தில் 3.2 நிட்டிலும் கரிய கறுப்பு எவருக்கும் தெரியப் போவதில்லை. ஆகவே 300 நிட் தரும் சாதாரணப் பெட்டியில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான விகிதம், அதன் அட்டையில் எத்தனை ஆயிரம் என்று குறிக்கப்பட்டிருந்தாலும், அங்கு நூறுக்கு ஒன்று என்ற அளவிலும் சற்றுக் குறைந்துவிடுகிறது. முழுத்திரை ஒளிர்வு 200 நிட்டாக உள்ள, கறுப்பில் நிகரற்ற ஓ.எல்.ஈ.டி. பெட்டியும் அதே வெளிச்சத்தில் அறுபது சொச்சத்துக்கு ஒன்று என்றே நிற்கும். 600 நிட்டை முழுத்திரையிலும் தாங்கும் பெட்டியொன்று நூற்றுத் தொண்ணூறை எட்டும். இரவில் விளக்கை அணைத்து வெளிச்சத்தை 1 லக்ஸுக்கு இறக்கியவுடன் நிலைமை தலைகீழாகிறது: ஓ.எல்.ஈ.டி. திரையின் விகிதம் முப்பதாயிரத்தைத் தாண்ட, சாதாரணப் பெட்டி தன் இயல்பெல்லையாகிய ஓராயிரத்திலோ சில ஆயிரங்களிலோ தங்கிவிடுகிறது. அதிக விலை கொடுத்து வாங்கப்பட்ட கருமை இரவுக்கு உரியது. பகலில் அது நண்பகலில் ஏற்றிய கர்ப்பூரச் சுடர்போல இருந்தும் தெரியாததாகிவிடுகிறது.

இக்கணக்கில் சிதறித் தெறிக்கும் ஒளி மட்டுமே சேர்க்கப்பட்டிருக்கிறது. பளபளப்பான திரைகளில் யன்னலின் உருவமே கண்ணாடியில் போலத் தெரியும் இன்னொரு தெறிப்பும் உண்டு. அதன் தொல்லை எண்ணில் அடங்காதது. ஏனெனில் அது யன்னல் எங்கே, பார்ப்பவர் எங்கே என்பதைப் பொறுத்தது. உயர்விலைத் திரைகளிற் பலவற்றுக்குத் தெறிப்பைக் குறைக்கும் நுண்பூச்சு இடப்படுவது இதற்காகவே. விளம்பரங்கள் நிட்டைப் பற்றி உரத்துப் பேசும் அளவுக்கு இப்பூச்சைப் பற்றிப் பேசுவதில்லை. எனினும் பகல் நேரப் பார்வைக்கு இரண்டும் சம முக்கியத்துவம் உடையவை.

ஒளிர்வு எண்ணிலும் இரு வகை உண்டு என்பதை அறியாமல் பெட்டிகளை ஒப்பிட இயலாது. திரையின் நூற்றில் இரண்டு அல்லது பத்துப் பங்கு அளவுள்ள ஒரு சிறு வெள்ளைச் சதுரத்தை மட்டும் ஒளிரவிட்டு அளப்பது உச்ச ஒளிர்வு. திரை முழுவதும் வெள்ளையாக இருக்கும்போது அளப்பது முழுத்திரை ஒளிர்வு. இவ்விரண்டுக்கும் இடைவெளி பெரிது. எல்.ஜி. நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு சி3 வகை ஓ.எல்.ஈ.டி. பெட்டி பத்துப் பங்குச் சதுரத்தில் ஏறத்தாழ 800 நிட் தருகிறது, முழுத்திரையிலோ 200ஐ ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் தருகிறது. மின்சக்தியும் வெப்பமும் எல்லை மீறாதபடி பெட்டி தன் ஒளியைத் தானே அடக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். அதே ஆண்டில் வந்த சாம்சுங் கியூ.என்.90சி வகை, மினி எல்.ஈ.டி. எனப்படும் மிகச் சிறிய விளக்குகள் நிறைந்த பின்னொளியால், சிறு சதுரத்தில் 2,000 நிட்டை நெருங்குவதோடு முழுத்திரையிலும் 600ஐ ஒட்டி நிற்கிறது. துடுப்பாட்டப் போட்டியில் பச்சை மைதானமும் வெளுத்த வானமும் திரை முழுவதையும் நிறைப்பதால், பகலில் ஆட்டம் பார்ப்பவருக்கு வேண்டியது இரண்டாவது எண்தான். அட்டைகளில் அச்சிடப்படுவதோ பெரும்பாலும் முதலாவது எண்.

இன்னொரு தெளிவும் வேண்டும். கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. 1957இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்ரான்லி ஸ்மித் ஸ்ரீவன்ஸ் முன்வைத்த விதியின்படி, ஓர் ஒளி இரு மடங்கு பிரகாசமாகத் தோன்ற வேண்டுமானால் அதன் உண்மையான செறிவு ஏறத்தாழ எட்டு மடங்காக வேண்டும். எனவே 1,000 நிட் பெட்டிக்கும் 1,300 நிட் பெட்டிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்காகப் பெருந்தொகை கொடுப்பது பொருளற்றது; 250க்கும் 1,000க்கும் இடையிலான வேறுபாடோ எவர் கண்ணுக்கும் புலப்படுவது.

கடைகளில் வழங்கும் பெயர்கள் இவ்விடயத்தில் குழப்பத்தையே விளைவிக்கின்றன. எல்.ஈ.டி. தொலைக்காட்சி என விற்கப்படும் பெட்டியில் படத்தை உருவாக்குவது எல்.ஈ.டி. அன்று, தானாக ஒளிராத திரவப் பளிங்குப் படலம் ஒன்று, பின்னாலிருந்து வரும் வெள்ளொளியைப் புள்ளிக்குப் புள்ளி மறைத்தும் விடுத்தும் படத்தை அமைக்க, பின்னொளியைத் தருவது மட்டுமே எல்.ஈ.டி. விளக்குகளின் வேலை. அவ்வொளி முனைவாக்கும் தகடுகளையும் நிற வடிகட்டிகளையும் கடந்து வருவதற்குள் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டு, நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே வெளியே வந்து சேர்கிறது என்பதால், ஒளிர்வைக் கூட்டுவது எளிய காரியம் அன்று. கியூ.எல்.ஈ.டி. என்ற பெயருடையதும் இதே திரவப் பளிங்குத் திரையே. நீல விளக்கின் முன் குவாண்டம் புள்ளிகள் என்னும் மிக நுண்ணிய துணிக்கைகளின் படலம் வைக்கப்பட, அது தூய சிவப்பையும் பச்சையையும் தந்து நிறவளத்தைக் கூட்டுகிறது. நீல எல்.ஈ.டி.யை உருவாக்கிய அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவருக்கு 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசும், குவாண்டம் புள்ளிகளுக்காக பவெண்டி, புரூஸ், எக்கிமோவ் ஆகிய மூவருக்கு 2023இல் வேதியியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தன. அவ்விரு பரிசுகளுக்கும் உரிய ஆய்வுகள் இன்று ஓர் ஊர்க்கடையின் சுவரிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. இவற்றுள் ஓ.எல்.ஈ.டி. ஒன்றுதான் பின்னொளி இன்றி ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும் வகை.

திரவப் பளிங்குத் திரைகளுக்குள்ளும் இரு குடும்பங்கள் உண்டு. வி.ஏ. எனப்படும் வகையில் கறுப்பு ஆழமானது, ஒளி-இருள் விகிதம் மூவாயிரம் முதல் ஆறாயிரம் வரை செல்லும். ஆனால் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு நிறம் வெளிறிவிடும். ஐ.பி.எஸ். எனப்படும் வகையில் விகிதம் ஆயிரத்தை ஒட்டியே நின்றாலும் பக்கப் பார்வையில் நிறம் மாறுவதில்லை. மேலைநாட்டு மதிப்பீடுகள் பெரும்பாலும் இருளறையில் திரைக்கு நேரெதிரே அமர்ந்திருக்கும் ஒருவரை மனத்திற் கொண்டு வி.ஏ. வகையையே உயர்த்திப் பேசுகின்றன. நாற்காலியில் பெரியோர், பாயில் பிள்ளைகள், குசினி வாசலில் நின்றபடி ஒருவர் எனக் குடும்பம் பரந்து அமரும் யாழ்ப்பாணக் கூடத்தில் அம்மதிப்பீட்டை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மேலே காட்டியவாறு பகல் வெளிச்சம் ஆழ்ந்த கறுப்பை எப்படியும் விழுங்கிவிடுவதால், பக்கப் பார்வை தரும் நன்மையே பலருக்கு மேலானது. ஒரே மாதிரியின் 43 அங்குலப் பெட்டி ஒரு வகைத் திரையையும் 50 அங்குலப் பெட்டி மற்ற வகைத் திரையையும் கொண்டிருப்பதும் உண்டு என்பதால், இணையத்தில் கிடைக்கும் மதிப்பீட்டைப் படிப்பவர் அது எந்த அளவுப் பெட்டிக்கு எழுதப்பட்டது என்பதையும் பார்க்கவேண்டும்.

எச்.டி.ஆர். என்ற முத்திரை இதைவிடக் கவனமாகப் பார்க்கப்பட வேண்டியது. பழைய குழாய்த்திரைக் காலத்து ஒளிபரப்பு, 100 நிட் அளவை வெண்மையின் எல்லையாகக் கொண்டு அமைக்கப்பட்டது. அந்த எல்லையை விரித்து, தீச்சுடரும் நீரில் பட்ட வெயிலும் உண்மையில் மின்னுவது போலவே மின்னச் செய்யும் முறையே எச்.டி.ஆர்.; அதற்குரிய பல படங்கள் 1,000 நிட் அளவையும் சில 4,000 நிட் அளவையும் கருத்திற் கொண்டு தயாரிக்கப்படுகின்றன. 250 நிட் மட்டும் தரும் மலிவுப் பெட்டியில் இம்முத்திரை இருப்பதற்குப் பொருள், அவ்வகைக் குறிப்பை அப்பெட்டியால் வாசிக்க முடியும் என்பதே. காட்ட முடியும் என்பதன்று. அத்தகைய பெட்டியில் எச்.டி.ஆர். படம் பல வேளைகளில் சாதாரணப் படத்திலும் இருண்டு தெரிவதைக் கண்டு, பெட்டி பழுதென்று எண்ணுவோரும் உளர். ஒளிரும் இடங்களுக்கு மட்டும் பின்னொளியைக் கூட்டி மற்ற இடங்களில் குறைக்கும் பகுதிவாரி மங்கலாக்கம் இல்லாத திரவப் பளிங்குப் பெட்டிக்கு இந்த முத்திரையின் பேரில் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

பிரிதிறன், அதாவது படம் எத்தனை புள்ளிகளால் ஆனது என்னும் அளவு, விற்பனையில் முதலிடம் பெற்றாலும் பயனில் அவ்விடம் பெறுவதில்லை. முழு எச்.டி. திரையில் அகலத்துக்கு 1,920 புள்ளிகளும் 4கே திரையில் 3,840 புள்ளிகளும் உள்ளன. இயல்பான பார்வையுடைய கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தையே பிரித்தறியும்; இதைக்கொண்டு கணித்தால், 43 அங்குல முழு எச்.டி. திரையின் புள்ளிகள் ஏறத்தாழ ஐந்தரை அடிக்கு அப்பாலும், 55 அங்குலத் திரையின் புள்ளிகள் ஏறத்தாழ ஏழு அடிக்கு அப்பாலும் கண்ணுக்குத் தனித்தனியே தெரியா. எட்டு அல்லது பத்து அடி தள்ளி அமர்பவருக்கு 43 அங்குலத்தில் 4கே தரும் கூடுதல் நுணுக்கம் கண்ணை எட்டுவதில்லை. அதற்கும் மேலாக, திரைக்கு வந்து சேரும் படத்தின் தரமே எல்லை வகுக்கிறது. இலங்கையின் தரைவழி ஒளிபரப்பு பால் என்னும் 625 வரி முறையைச் சேர்ந்தது, அதில் படமாகத் தெரிவன 576 வரிகளே. கேபிள் இணைப்பில் வரும் அலைவரிசைகளிற் பலவும் இத்தரத்திலேயே உள்ளன. 2,160 வரிகள் கொண்ட 4கே திரை, இல்லாத வரிகளை ஊகித்து நிரப்ப வேண்டியிருப்பதால், அதைச் செய்யும் செயலியின் திறமைக்குத்தான் அங்கு விலை. மலிவான பெரிய 4கே பெட்டியில் கேபிள் படம் பழைய பெட்டியில் இருந்ததைவிடக் கலங்கித் தெரிவதன் காரணமும் இதுவே.

குடாநாட்டில் படத்தின் தரம் என்பது நெடுங்காலம் அன்ரனாவைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. 1975 ஓகஸ்ட் 15இல் சென்னைத் தூரதர்ஷனும், 1979இல் இலங்கையின் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய உதவியுடன் ரூபவாகினியும் தொடங்கிய பின், கடல் கடந்து வரும் இந்திய அலைகளைப் பிடிப்பதற்காக வீட்டுக் கூரைகளுக்கு மேல் உயரமான குழாய்களில் அன்ரனாக்கள் எழுந்தன. படப்பெட்டியையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து, விடியும் வரை படம் பார்த்த இரவுகளும் அக்காலத்துக்குரியவை. 1990இல் தேசிய மின்சாரம் குடாநாட்டை விட்டு நீங்கியதோடு பெட்டிகள் ஆண்டுக்கணக்கில் மௌனமாயின. உரும்பிராய்க்கு அண்மையிலுள்ள சுன்னாகத்தில் 24 மெகாவாற் வலுவுள்ள உத்துரு ஜனனி மின்னிலையம் 2013இல் இயங்கத் தொடங்கியதும், அக்காலத்தை ஒட்டித் தேசிய மின்வலையுடன் குடாநாடு மீண்டும் இணைக்கப்பட்டதும் இவ்விடைவெளியை மூடின. ஒரு தலைமுறைக் காலத்து மாற்றத்தைப் பார்க்காமல் குழாய்த்திரையிலிருந்து தட்டைத் திரைக்கு வந்து சேர்ந்த வீடுகளுக்கு, பெட்டிகளை ஒப்பிடும் பழக்கம் மெல்ல வளர வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதை வருத்தத்துடன் சொல்லவேண்டும். அந்த இடைவெளியில் நுழைந்தது விளம்பரம்.

கடையில் நிகழும் ஒப்பீடும் பெரும்பாலும் நம்பத்தக்கதன்று. காட்சிக்கு வைக்கப்படும் பெட்டிகள் பொதுவாகக் கடைக்கென அமைந்த காட்சி முறையில் விடப்பட்டிருக்கும். அதில் பின்னொளி உச்சத்திலும் நிறங்கள் இயல்புக்கு மீறியும் நிற்கும். நீலம் தோய்ந்த வெண்மை பிரகாசமானதென்று கண்ணை நம்பவைப்பதால், பக்கத்தில் இயல்பான நிறம் காட்டும் பெட்டி மங்கியதாகத் தோன்றிவிடுகிறது. ஓடவிடப்படும் படமோ அந்தந்த நிறுவனமே தன் திரைக்குப் பொருத்தமாகத் தயாரித்தது. இதற்கு மாற்று எளிது. வீட்டில் வழக்கமாகப் பார்க்கும் வகையைச் சேர்ந்த ஒரு நிகழ்ச்சி, பகலில் எடுத்த ஒரு குடும்ப வீடியோ, இருளில் நிகழும் ஒரு காட்சி ஆகிய மூன்றையும் பென் டிரைவில் கொண்டு சென்று, ஒப்பிட விரும்பும் பெட்டிகள் அனைத்தையும் சினிமா முறைக்கு மாற்றும்படி கேட்டு, நேரெதிரேயும் பக்கத்திலும் நின்று பார்ப்பதே போதும். மனித முகத்தின் நிறம் எந்தப் பெட்டியில் இயல்பாக இருக்கிறதோ அதன் நிறத்தரமே மேலானது. தமிழ் முகங்களின் மாநிறத்தைச் சிவப்பாக்கியோ வெளிறச் செய்தோ காட்டும் திரையை எத்தனை கோடி நிறங்கள் என்ற எண்ணும் காப்பாற்றாது.

மாதிரி எண்ணை வாசிக்கத் தெரிந்தால் விலையை நியாயமாக ஒப்பிட முடியும். சாம்சுங் நிறுவனம் ஆண்டை எழுத்தால் குறிக்கிறது: பியூ8000 என்பது 2022க்கும் சியூ8000 என்பது 2023க்கும் டியூ8000 என்பது 2024க்கும் உரியவை. எல்.ஜி.யின் ஓ.எல்.ஈ.டி. வரிசையில் ஆண்டைக் குறிப்பது எண்: சி2, சி3, சி4 என்பன முறையே அதே மூன்று ஆண்டுகளைச் சேர்ந்தவை; அங்கு சி என்பது வரிசையின் பெயரே அன்றி ஆண்டன்று. அடிப்படை வரிசைகளில் ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் படத்தரத்தில் பெரும் வேறுபாடு இருப்பது அரிது. ஆகையால் முந்தைய ஆண்டின் நடுத்தர வரிசைப் பெட்டி, இவ்வாண்டின் அடிப்படை வரிசைப் பெட்டியின் விலைக்கு இறங்கும் வேளையில் அதை வாங்குவதே பலவிடத்தும் மேலான தேர்வு.

விலையைப் பொறுத்தவரை, இலங்கையில் தொலைக்காட்சியின் விலையைத் தொழில்நுட்பத்தைவிட நாணயமும் வரியும் வலுவாக அசைக்கின்றன. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர், மே மாதத்துக்குள் 360ஐ எட்டியது; பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதமாக்கப்பட்டது. எனவே சென்னையிலோ ரொறன்ரோவிலோ உள்ள உறவினர் சொல்லும் விலையோடு யாழ்ப்பாணக் கஸ்தூரியார் வீதிக் கடையின் விலையை நேரே ஒப்பிடுவது விற்பவருக்கு நீதியாகாது. ஒரே கடைக்குள் ஒப்பிடுவதற்குப் பரப்பு நல்ல அளவுகோல்: அங்குலம் மூலைக்கு மூலை அளக்கப்படுவதால், 43 அங்குலத் திரையின் பரப்பு 32 அங்குலத் திரையினதைப் போல 1.8 மடங்கும், 55 அங்குலத் திரையின் பரப்பு 43 அங்குலத்தினதைப் போல 1.6 மடங்கும் ஆகும். விலை ஏற்றம் இதற்குக் குறைவாயின் பெரிய திரை மலிவு. கூடுதலாயின், அந்தக் கூடுதல் ஒளிர்வுக்கும் தரத்துக்கும் கொடுக்கப்படுகிறதா என்று கேட்கவேண்டும். தவணை முறையில் வாங்குபவர் மாதக் கட்டணத்தைப் பார்க்காமல், எல்லாத் தவணைகளையும் கூட்டிவரும் மொத்தத் தொகையையே பெட்டியின் விலையாகக் கொள்ளவேண்டும். அவ்வாறு கூட்டிப் பார்க்கையில் அடிப்படைப் பெட்டி ஒன்றின் தவணை விலை, கைக்காசுக்குக் கிடைக்கும் நடுத்தரப் பெட்டியின் விலையை எட்டிவிடக்கூடும்.

புலம்பெயர்ந்த உறவுகள் பெட்டியையே அனுப்பி வைக்கும் வழக்கமும் உண்டு. அங்கு கவனிக்க வேண்டியவை வேறு. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கனடாவிலிருந்து வரும் சில பெட்டிகள் 120 வோல்ற்றுக்கு மட்டுமே அமைந்தவை. பின்புறத் தகட்டில் 100 முதல் 240 வரை எனக் குறிக்கப்படாத பெட்டியை நேரடியாகச் செருகினால் அது அக்கணமே கருகும். வட அமெரிக்கப் பெட்டிகளின் அலைவாங்கி இங்குள்ள பால் ஒளிபரப்பைப் பிடிக்காது. செட்-டொப் பெட்டி வழியாகவோ இணையம் வழியாகவோ மட்டும் பார்ப்பவருக்கு அது குறையன்று. உத்தரவாதம் கடல் கடந்து வருவதில்லை என்பதே பெரிய குறை.

ஒளிர்வு இலவசமாகக் கிடைப்பதில்லை. 100 வாற் இழுக்கும் பெட்டியொன்று நாளுக்கு ஐந்து மணிநேரம் எரிந்தால் மாதத்துக்கு 15 அலகு மின்சாரம் செலவாகும். அலகுகள் கூடக்கூட வீதமும் ஏறும் இலங்கையின் படிமுறைக் கட்டணத்தில், மாதம் 60 அலகை ஒட்டிச் செலவிடும் வீட்டை இந்தப் பதினைந்து அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடும். கடையின் காட்சி முறையிலேயே வீட்டிலும் பெட்டியை ஓட்டுவதன் தீங்கு கட்டணத்தோடு முடிவதில்லை. திரவப் பளிங்குப் பெட்டிகளில் அடிக்கடி பழுதாகும் உறுப்பு பின்னொளி விளக்குப்பட்டியே. உச்ச ஒளிர்வில் நாளெல்லாம் எரியும் பட்டி வெப்பத்தால் விரைவில் தளர்கிறது. பகலுக்கு ஓர் அமைப்பும் இரவுக்குப் பின்னொளியைப் பாதியளவுக்கு இறக்கிய ஓர் அமைப்பும் வைத்துக்கொள்வது கண்ணுக்கும் பட்டிக்கும் நல்லது. ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் சித்திரையை ஒட்டியும் இடிமுழக்கம் வரும் நாட்களில் மின்செருகியோடு அன்ரனா அல்லது கேபிள் வயரையும் கழற்றி வைப்பது அவசியம். வயர் வழியே வரும் மின்னலைத் தடுக்க ஸ்ரெபிலைசரால் இயலாது.

எல்லாவற்றிலும் மலிவாகக் கிடைக்கும் ஒளிர்வு யன்னல் சீலையில் இருக்கிறது. 500 லக்ஸ் விழும் சுவரை, தடித்த சீலையால் 100 லக்ஸுக்கு இறக்கினால், தெறிக்கும் ஒளியும் ஐந்தில் ஒன்றாகக் குறைந்து, 300 நிட் பெட்டியின் ஒளி-இருள் விகிதம் தொண்ணூறிலிருந்து நானூறை எட்டுகிறது. இதே மாற்றத்தைச் சீலையின்றிப் பெற ஆயிரம் நிட்டுக்கு மேல் முழுத்திரையிலும் தரும் பெட்டி வேண்டும், அதற்குப் பல இலட்சம் ரூபாய் வேண்டும். திரையை யன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாமல் யன்னல் உள்ள சுவருக்குச் செங்குத்தான சுவரில் மாட்டுவதற்குச் செலவே இல்லை. வீடு கட்டுவோர் தொலைக்காட்சிக்கான மின்செருகியின் இடத்தை மேசனிடம் சொல்லும் நாளில் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுவர் பூசிய பின் இடம் மாற்றுவது எளிதன்று.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், பகலில் கேபிள் அலைவரிசைகளும் துடுப்பாட்டமும் பார்க்கும் உரும்பிராய் வீட்டுக்கு, பக்கப் பார்வை குன்றாத 43 அங்குலத் திரவப் பளிங்குப் பெட்டியும் ஒரு நல்ல சீலையும் பொருத்தமானவை. பெரிய யன்னல்களை மூட விரும்பாமல் 55 அங்குலம் தேடுபவர், கைக்கு எட்டுமாயின், மினி எல்.ஈ.டி. வகைக்கும் தெறிப்பைக் குறைக்கும் பூச்சுக்கும் பணம் கொடுக்கலாம். ஓ.எல்.ஈ.டி. இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்கே உரியது. அவருக்கு அதனினும் மேலானது இன்று இல்லை. எந்தப் பெட்டியை எடுத்தாலும், முழுத்திரை ஒளிர்வு எவ்வளவு, திரை எந்த வகை, திரைக்கும் பின்னொளிக்கும் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் திருத்துவது யாழ்ப்பாணத்திலா கொழும்பிலா என்ற நான்கையும் பற்றுச்சீட்டிலோ உத்தரவாத அட்டையிலோ எழுதித் தரும்படி வாங்குபவர் கேட்க வேண்டும். எழுதித் தந்ததை மீறும் விற்பனையாளர் பற்றிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.